யாருடைய கிக் இது? பதினெட்டு அங்குலப் பெட்டியில் கேட்ட ஹார்டுஸ்டைல் கூட்டுப் பாடல்கள்

ஹார்டுஸ்டைல் என்ற வேகமான மின்னணு நடன இசையில் இரண்டு கலைஞர்கள் சேர்ந்து ஒரு பாடல் வெளியிட்டால், மெட்டையும் குரலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு முதலில் கிக்கைத்தான், அதாவது தாளத்தைத் தாங்கும் அந்தக் கனத்த பேஸ் அடியைத்தான், கேட்கிறேன். அந்த அடி யாருடையது? இருவரில் ஒருவருடையதா, இருவரும் உட்கார்ந்து புதிதாகச் செய்ததா? அட்டையில் இரண்டு பெயர் இருப்பதால் மட்டும் ஒன்று கூட்டுப் பாடலாகிவிடாது. தனித்தனியாகச் செய்திருந்தால் வந்திராத ஏதோ ஒன்று அதில் வந்திருக்க வேண்டும். அதற்காக இருவருமே எதையாவது விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டுதான் இங்கே பாடல்களை எடை போடுகிறேன்.

பெருந்துறைப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். மாரியம்மன் கோவில் பூச்சாட்டு, காதுகுத்து, கல்யாண வரவேற்பு, இரவுக் கபடி, கல்லூரி ஆண்டு விழா என்று வருடம் முழுவதும் பெட்டிகள் வண்டியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆர்டர் இல்லாத நாட்களில் குடோனில் நான்கு பேஸ் பெட்டிகளைத் தரையில் போட்டு, மேலே குரலுக்கும் மெட்டுக்குமான டாப் பெட்டிகள் இரண்டு வைத்து, எனக்குப் பிடித்ததைக் கேட்பேன். பிடித்தது என்றால் பெரும்பாலும் ஹார்டுஸ்டைல். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் பதினெட்டு அங்குல ஸ்பீக்கரில், தகரக் கூரைக்குக் கீழே, காசு கொடுத்து வாங்கிய, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்புகளைப் போட்டுக் கேட்டுச் சொல்வது. செல்போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு நான் சொல்வதில் பாதி கேட்காது.

இந்த இசையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெதர்லாந்தில் உருவாகி வளர்ந்த நடன இசை இது. இத்தாலியர்களின் பங்கும் இதில் பெரியது. இதன் பெரிய திருவிழாக்களில் ஒன்றான டெஃப்கான் ஒன் 2003-இல் தொடங்கியது. 2011 முதல் பிடிங்ஹௌசன் என்ற ஊரில் நடக்கிறது. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 அடி. அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 0.4 விநாடிதான். அந்த 0.4 விநாடிக்குள் கிக்கின் முன்பகுதி ‘டொக்’ என்று குத்துகிறது. அதன் பின்னால் வேண்டுமென்றே சிதைத்து, நெரித்து, பாடலின் சுருதிக்குச் சேர்த்துவைத்த ஒரு நீண்ட வால் வருகிறது. எஃப் சுருதியில் அமைந்த பாடல் என்றால் அந்த வாலின் அடித்தளம் சுமார் 44 ஹெர்ட்ஸில் நிற்கும்; ஜி என்றால் 49. மற்ற நடன இசையில் கிக் தாளம் மட்டும் சொல்லும். இங்கே கிக் மெட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும், பாடும்.

இது எங்கள் தொழிலுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதையும் சொல்ல வேண்டும். சினிமாக் குத்துப் பாட்டில் கிக் சட்டென்று அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அடுத்த அடி வரும்வரை ஸ்பீக்கரின் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்கு மூச்சு விட நேரம் இருக்கும். ஹார்டுஸ்டைலில் அந்த நேரமே கிடையாது. ஓர் அடியின் வால் முடிவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். முன்வலையைக் கழற்றிவிட்டு கோனைப் பார்த்தால் குத்தும்போது மட்டும் துள்ளுவது தெரியும். வால் ஓடும்போது அசையாமல் நிற்பதுபோல விளிம்பு மங்கித் தெரியும். அங்கேதான் சூடு ஏறுகிறது. பெட்டியின் மேல் சில்வர் டம்ளரை வைத்துவிட்டால் பாட்டு முடிவதற்குள் அது தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரை ஒழுங்காகப் போடாமல் இந்த இசையை ஓட்டுபவர்களுக்குக் காயில் கருகும் வாசம் பரிச்சயமாகிவிடும்.

இப்போது கூட்டுப் பாடல் ஏன் கடினம் என்பது புரியும். ஒவ்வொரு கலைஞரும் தன் கிக்கை மாதக்கணக்கில் செதுக்குகிறார். அதைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடலாம். ஒரு பாடலில் இரண்டு கிக் ஒரே நேரத்தில் ஓட முடியாது. ஓடினால் 44 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தின்றுவிடும். எனவே ஒருவர் தன் கிக்கை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும், அல்லது இருவரும் வைத்துவிட்டு வர வேண்டும். துணிச்சல் என்று நான் சொல்வது அதைத்தான்.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும் தொகுப்பு 2008-இல் வந்த ப்ராஜெக்ட் ஒன். ஹெட்ஹன்டர்ஸ் என்ற பெயரில் இயங்கும் வில்லெம் ரெபெர்ஜென்னும், வைல்டுஸ்டைல்ஸ் என்ற பெயரில் இயங்கும் யோரம் மெட்டெகோஹியும் சேர்ந்து செய்தது. ஒரு பாடல் மட்டும் சேர்ந்து போட்டுவிட்டுக் கைகுலுக்கிப் பிரிவது எளிது. இவர்கள் ஓர் ஆல்பம் முழுக்கச் சேர்ந்து உழைத்தார்கள். அதற்குத் தனிப் பெயரும் வைத்தார்கள். தங்கள் சொந்தப் பெயர் புகழ் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பெயர்களை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

‘லைஃப் பியாண்ட் எர்த்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஹன்டர்ஸுக்கு நாடகம் பிடிக்கும். பேச்சுக் குரல், எதிர்பார்ப்பு, திடீர்த் திருப்பம் எல்லாம் வேண்டும். வைல்டுஸ்டைல்ஸ் மெட்டுக்காரர்; நெஞ்சை நிமிர்த்திப் பாட வைக்கும் ஏறுமெட்டு அவருடைய பலம். இந்தப் பாடலில் நாடகமும் இருக்கிறது, மெட்டும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கின்றன. எந்த இடத்திலும் இவர் கை இது, அவர் கை அது என்று கோடு போட முடியவில்லை. கிக் இன்றைய கிக்குகளைவிட மென்மையானது. இன்றைக்கு வரும் பாடல்களுக்குப் பிறகு உடனே இதைப் போட்டால் ஒலி குறைந்துவிட்டதோ என்று தோன்றும். குறைந்தது சிதைவுதான், கீழ் ஒலி குறையவில்லை. கையைப் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் வைத்துப் பார்த்தால் தெரியும்: புதிய பாடல்களில் பலகை நடுங்கும், இதில் பலகை மெட்டோடு ஏறி இறங்கும். எந்தச் சுரத்தில் கிக் நிற்கிறது என்று உள்ளங்கை சொல்லிவிடும்.

அதே தொகுப்பில் உள்ள ‘தி ஆர்ட் ஆஃப் கிரியேஷன்’ இன்னும் ஒரு படி மேல் என்பேன். தொகுப்பு முழுவதையும் வரிசையாகக் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் கேட்டால் இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்த வாசனை வரும். பின்பாதியில் ஒன்றிரண்டு பாடல்கள் முன்பு வந்த யோசனையையே மறுபடி சொல்கின்றன. அது குறைதான். ஆனாலும் ஹார்டுஸ்டைலில் முதலில் எதை வாங்குவது என்று யாராவது கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பத்து வருடம் கழித்து, 2018-இல், டெஃப்கான் ஒன் திருவிழாவின் அந்த ஆண்டுக்கான கீதத்தை ப்ராஜெக்ட் ஒன் என்ற அதே பெயரில் இருவரும் செய்தார்கள்: ‘மாக்சிமம் ஃபோர்ஸ்’. கிக் வளர்ந்திருக்கிறது, வால் கெட்டியாகியிருக்கிறது, ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுத்தம். பெரிய மைதானத்துக்கு இது சரியான பாடல். ஆனால் 2008-இல் இருந்த பரிவு இதில் இல்லை. அப்போது இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இருவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகவே தெரியும். நல்ல பாடல். வாங்கலாம். ஆனால் பழையதைக் கேட்டு அழுதவர்கள் இதற்கு அழ மாட்டார்கள்.

கீதம் என்ற வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஆண்டும் திருவிழாவுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரில் ஒரு பாடல் செய்யச் சொல்லி ஒருவரையோ ஒரு கூட்டணியையோ நியமிக்கிறார்கள். வேறு இசைகளில் கூட்டுப் பாடல் பெரும்பாலும் வியாபாரக் கணக்கு. இங்கே அது ஒரு பொறுப்பாக வருகிறது. அந்த வருடம் மைதானத்துக்கு வரும் அத்தனை பேருக்கும் சொந்தமாக வேண்டிய பாடல் என்பதால், தன் பாணியை நிறுவிக்காட்ட வேண்டும் என்ற ஆசை கொஞ்சம் அடங்குகிறது. கூட்டணிக் கீதங்களில் நல்லவை அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2012-இன் கீதம் ‘வேர்ல்டு ஆஃப் மேட்னஸ்’. மேலே சொன்ன இருவரோடு நாய்ஸ்கன்ட்ரோலர்ஸும் சேர்ந்து செய்தது. மூன்று பெரிய பெயர்கள் ஒரே பாடலில். கேட்பதற்கு முன் எனக்குச் சந்தேகம்தான். மூன்று பேர் சேர்ந்தால் யாரும் முடிவெடுக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நேர்மாறாக இருந்தது. மெட்டு ஒன்றே ஒன்றுதான், அதைப் பாடல் முழுக்கக் காப்பாற்றுகிறார்கள். கிக் தன் வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. மூவரில் யார் எதைச் செய்தார் என்று துப்பறியத் தோன்றாத பாடல்.

இதைப் பொதுமேடையில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஈரோடு மாவட்டத்து எஞ்சினியரிங் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழா. மாணவிகளின் வள்ளி கும்மி முடிந்திருந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு மேடை தயாராகவில்லை. இடைவெளியை நிரப்ப ஏதாவது போடச் சொன்னார்கள். ஒரு மாணவன் ஓடி வந்து, “ஏனுங்கண்ணா, உங்களிடம் ஹார்டுஸ்டைல் இருக்கிறதா?” என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. ‘வேர்ல்டு ஆஃப் மேட்னஸ்’ போட்டேன். இந்த இசையில் பாடலின் நடுவே கிக் முழுவதும் நின்றுபோய் மெட்டு மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர் மேடைகளில் அந்த இடம் ஆபத்தானது. ஆடுபவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். சிலர் பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்து மிக்ஸர் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. கும்மி முடித்துவிட்டு ஓரமாக நின்றிருந்த பெண்கள் அந்த மெட்டுக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள், கும்மியின் தட்டு. வட்டம் தானாக உருவானது. கிக் திரும்பி வந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர்கள் உள்பட எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நல்ல மெட்டு இல்லாமல் இது நடந்திருக்காது. வெறும் கிக்கால் இளைஞர்களை மட்டும்தான் ஆட வைக்க முடியும்.

அதே 2012-இல் பிரெனன் ஹார்ட்டும் வைல்டுஸ்டைல்ஸும் செய்த ‘லூஸ் மை மைண்ட்’ இனிமையான பாடல். ஆனால் இருவரும் முன்பே பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள், பெரிய தூரம் யாரும் நடந்து வரவில்லை. அதைவிட, வைல்டுஸ்டைல்ஸ் அதே ஆண்டு நீல்ஸ் கூசெப்ரூக் என்ற டச்சுப் பாடகரோடு செய்த ‘இயர் ஆஃப் சம்மர்’ துணிச்சலானது. ஹார்டுஸ்டைலுக்குச் சம்பந்தமில்லாத, வானொலியில் கேட்கும் மாதிரியான ஒரு குரலை நடுவில் நிறுத்தி, அதற்காகக் கிக்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார். கல்யாண வரவேற்பில் இதைப் போட்டால் பெரியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் இந்த இசையை முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு இதுதான் வாசல்.

இனி வெளியாட்களோடு செய்த கூட்டு. இங்கேதான் எனக்கு மனக்குறை. 2013-இல் ஹெட்ஹன்டர்ஸ் அமெரிக்காவின் அல்ட்ரா மியூசிக் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். அதையொட்டிய ஆண்டுகளில் பெரிய மேடை நடன இசைக்காரர்கள் பலரோடு சேர்ந்து பாடல்கள் போட்டார். டபிள்யூ அண்ட் டபிள்யூவோடு ‘ஷாக்கர்’, ஹார்டுவெல்லோடு ‘நத்திங் கேன் ஹோல்டு அஸ் டவுன்’, காஷ்மியரோடு ‘தர்மா’. வெளியே போய்ப் புதியவர்களைச் சந்திப்பது தவறே இல்லை. நான் கேட்பது அதே பழைய கேள்விதான்: விட்டுக்கொடுத்தது யார்? ‘ஷாக்கர்’ கேட்கும்போது ஒரு பக்கம் மட்டும் விட்டுக்கொடுத்ததாகவே எனக்குப் படுகிறது. கிக்கின் வாலை நறுக்கிவிட்டால் ஹார்டுஸ்டைலில் மிச்சம் இருப்பது வேகம் மட்டும்தான்.

‘தர்மா’வைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் ஹார்டுஸ்டைல் பக்கம் வந்ததே அந்தப் பாடல் வழியாகத்தான். காஷ்மியர் என்ற பெயரில் இசையமைக்கும் நைல்ஸ் ஹாலோவெல்-தர் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். தந்தை காஷ்மீரைச் சேர்ந்தவர். இந்திய வாத்திய ஒலிகளை மேடை நடன இசைக்குள் கொண்டுவருவது அவருடைய அடையாளம். ‘தர்மா’வின் மெட்டு அழகானது. முதல் தடவை கேட்டதிலிருந்து மறக்கவில்லை. ஆனால் கூர்ந்து கேட்டால், காஷ்மியரின் பகுதி வரும்போது ஹெட்ஹன்டர்ஸ் இல்லை, ஹெட்ஹன்டர்ஸின் அழுத்தம் வரும்போது காஷ்மியர் இல்லை. கூட்டுக் கிணற்றில் அண்ணனும் தம்பியும் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல ஆளுக்கு ஒரு முறை எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் பாய்ந்துவிடுகிறது, சண்டையும் இல்லை. ஆனால் வயல் இரண்டாகவே இருக்கிறது. அந்த இந்திய மெட்டைக் கிக்கின் வாலே பாடியிருந்தால், 49 ஹெர்ட்ஸில் அந்தக் கமகம் நெளிந்திருந்தால், அதுவல்லவா துணிச்சல்! அதைச் செய்யக்கூடிய கை ஹெட்ஹன்டர்ஸுக்கு உண்டு என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

2017-இல் ஹெட்ஹன்டர்ஸ் ஹார்டுஸ்டைலுக்குத் திரும்பினார். வைல்டுஸ்டைல்ஸோடு சேர்ந்து தொடங்கிய இசை வெளியீட்டு லேபிளுக்கு வைத்த பெயர் ஆர்ட் ஆஃப் கிரியேஷன். 2008-இன் அந்தப் பாடலின் பெயர். அந்தச் செய்தியைப் படித்த அன்று குடோனில் வேலை செய்யும் தம்பிகளுக்கெல்லாம் பஜ்ஜியும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

கரடுமுரடான பக்கத்திலும் கூட்டணிகள் உண்டு. ரேன்-டியும் அடாரோவும் 2011-இல் தொடங்கிய கன்ஸ் ஃபார் ஹயர் அவற்றில் முக்கியமானது. மாஃபியா வேடம், இருண்ட மெட்டு, கீச்சிடும் ஒலிகள். இரண்டு கலைஞர்கள் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பாத்திரத்தைப் படைத்திருக்கிறார்கள் என்ற வகையில் ப்ராஜெக்ட் ஒன் வழியில் வந்தவர்கள்தான். என் அளவுகோலில் நன்றாகவே தேறுகிறார்கள். ஆனால் டாப் பெட்டியின் ஹாரன் வழியாக வரும் அந்தக் கீச்சொலி, திறந்தவெளியில் கூட, கொஞ்ச நேரத்தில் காதை அறுக்கும். மிக்ஸரில் மூன்று, நான்கு கிலோஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கேளுங்கள். குடும்ப விசேஷங்களில் போட வேண்டாம்.

சப் ஜீரோ ப்ராஜெக்டும் டிம்மி ட்ரம்பெட்டும் சேர்ந்து செய்த ‘ராக்ஸ்டார்’ விளையாட்டான பாடல். டிம்மி ட்ரம்பெட் ஆஸ்திரேலியாக்காரர்; பெயரில் இருப்பதுபோல மேடையில் உண்மையாகவே ட்ரம்பெட் வாசிப்பவர். நம் ஊர்க்காரர்களுக்கு ட்ரம்பெட் புதிதல்ல, பேண்டு செட் இல்லாமல் மாப்பிள்ளை அழைப்பு நடந்ததில்லை. அதனால் ஆட்டம் நிச்சயம். அதற்கு மேல் அதில் தேட ஒன்றும் இல்லை.

கடைசியாக வைத்திருப்பது, ப்ராஜெக்ட் ஒன்னுக்கு அடுத்தபடியாக நான் மதிக்கும் கூட்டு: 2019-இன் டெஃப்கான் கீதமான ‘ஒன் ட்ரைப்’. ஃபியூச்சர் நாய்ஸ், கெல்டெக், செஃபா மூவரும் செய்தது. 2012-இல் சேர்ந்த மூவரும் ஒரே தெருக்காரர்கள். இந்த மூவர் மூன்று வெவ்வேறு ஊர்க்காரர்கள் என்றே சொல்லலாம். ஃபியூச்சர் நாய்ஸ் கதை சொல்பவர், கொஞ்சம் இருட்டும் கொஞ்சம் வெளிச்சமுமாக. கெல்டெக்கின் இசையில் பழைய நாட்டுப்புற வாடை வீசும். செஃபா பியானோவில் ஊறியவர். அவருடைய சொந்தக் களம் ஃப்ரெஞ்ச்கோர், நிமிடத்துக்கு 200 அடியை ஒட்டி ஓடும் இசை. 150-இல் ஓடுபவர்களையும் 200-இல் ஓடுபவரையும் ஒரே பாடலில் எப்படி நிறுத்துவது? ஒருவர் தன் வேகத்தை விட்டுவிட வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர்கள் பாடலையே அதற்கேற்றபடி கட்டியிருக்கிறார்கள். நிதானமாகத் தொடங்கி, நடுவில் ஹார்டுஸ்டைலாக நின்று ஆடி, கடைசியில் செஃபாவின் வேகத்துக்குப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் ஒட்டுப்போட்டதுபோலத் தெரியவில்லை, ஏனென்றால் அதே மெட்டுதான் வேகம் ஏறி வருகிறது. தர்மாவில் நடக்காதது இங்கே நடக்கிறது: ஆளுக்கு ஒரு பகுதி இருந்தும், ஒருவர் பகுதியில் மற்றவர் மெட்டு உயிரோடு இருக்கிறது.

ஒலிபெருக்கிக்காரனாக ஒரு குறிப்பு: வேகம் ஏறும் அந்த இடத்தில் அடிகளுக்கு இடையே 0.3 விநாடிதான் இருக்கும். மலிவான பேஸ் பெட்டி அதைத் தனித்தனி அடியாகச் சொல்லாது, ஒரே உறுமலாக்கிவிடும். பெட்டி வாங்கும்போது சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடல் எனக்குத் தெரியாது. கடைக்காரர் தன் பாட்டைப் போட்டுக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு பென்டிரைவை நீட்டி இதைப் போடச் சொல்லுங்கள்.

வாங்குவது பற்றி. ஹார்டுஸ்டைலுக்கென்றே இணையக் கடைகள் உண்டு. வேவ் கோப்பாகவே கிடைக்கும். யூடியூபிலிருந்து இறக்கிய கோப்பைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். இயர்போனில் வித்தியாசம் தெரியாமல் போகலாம், பதினெட்டு அங்குலத்தில் கிக்கின் குத்து மழுங்கி, வால் மட்டும் ஊளையிடும். ரேடியோ பதிப்பு, நீண்ட பதிப்பு என்று இரண்டு இருந்தால் நீண்டதையே வாங்குங்கள். ரேடியோ பதிப்பில் முன்னுரையை நறுக்கிவிடுகிறார்கள். பாடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். பேஸ் பெட்டிக்குப் போகும் ஒலியில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். அதற்குக் கீழே இந்த இசையில் உங்களுக்குத் தேவையானது எதுவும் இல்லை, காயிலுக்குச் சூடுதான் மிச்சம். இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள். சட்டம் அதுதான், அக்கம்பக்கத்தில் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு ஒரு கூட்டணி வேண்டும். நெதர்லாந்துக்காரர் ஒருவரும் நம் கொங்கு நாட்டுப் பெரிய மேளமான துடும்பு அடிப்பவர்களும். துடும்பின் அடியில் குத்தும் இருக்கிறது, வாலும் இருக்கிறது. தோல் அதிர்ந்து அடங்கும் நேரம் நீளமானது. பூச்சாட்டு முடிந்து கம்பம் சுற்றி ஆடும் இரவுகளில் அந்த அடி நெஞ்செலும்பில் வந்து நிற்பதை இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோரும் அறிவார்கள். இருவரும் விட்டுக்கொடுக்க வேண்டியவை நிறைய. நம் மேளக்காரர்கள் ஆட்டக்காரரின் காலைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்குவார்கள், கம்ப்யூட்டரின் கட்டத்துக்குள் நிற்க மாட்டார்கள். தோலின் சுருதி பனியில் இறங்கும், நெருப்பில் காய்ச்சினால் ஏறும். 44 ஹெர்ட்ஸில் நில் என்றால் நிற்காது. அந்தப் பக்கம் கிக்கைச் செதுக்குபவர் தன் கட்டத்தைத் தளர்த்த வேண்டும், ஏறி இறங்கும் தோலுக்கேற்பத் தன் வாலின் சுருதியை நகர்த்த வேண்டும். வேகம் ஏறும் பாடலை ‘ஒன் ட்ரைப்’ குழுவினர் செய்து காட்டியிருக்கும்போது இது முடியாத காரியமில்லை.

எங்கள் ஊர்ப் பொங்கலில் துடும்பு அடித்ததை, அடிப்பவர்களிடம் அனுமதி கேட்டு, இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறேன்: ஒன்று தோலுக்கு அருகில், இன்னொன்று கூட்டத்துக்குள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், எந்த எஃபெக்டும் போடாமல் அப்படியே. இந்த இசையைச் செய்பவர் யாராவது கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. அட்டையில் மேளக்காரர்களின் பெயர் முதலில் வர வேண்டும்.